தவக்கால நாட்குறிப்பு: முதல் பத்து நாள்

மார்ச் 5, 2025, புதன்

இன்னைக்கு சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலம் ஆரம்பிக்குது. காலைல 6 மணி பூசைக்கே போயிட்டேன். போன வருஷ குருத்தோலைய சுட்ட சாம்பல ஃபாதர் நெத்தில பூசினப்போ கொஞ்சம் கண்ணிமைல உதிர்ந்துச்சு, துடைக்க மனசு வரல. பைபிள்லருந்து முதல் வாசகம் யோவேல் புத்தகம், துணிய கிழிச்சுக்க வேண்டாம், இதயத்தை கிழிச்சுக்கிட்டு என்கிட்ட வாங்கன்னு ஆண்டவர் கூப்பிடுறது. இந்த வருஷம் தினமும் அன்னைக்குள்ள வாசகங்களை படிச்சுட்டு, மனசுல தச்சத இங்க எழுதணும்னு வேண்டியிருக்கேன். கோயில்ல ஏழைங்களுக்கு காசு சேக்குற தவக்கால உண்டியல் குடுத்தாங்க, சாப்பாட்டு மேசைல வெச்சாச்சு.

சாயங்காலம் வேலைக்கு வர்ற அக்காவுக்கு பிப்ரவரி சம்பளம் குடுத்தேன், 3,000ல நாலு நாள் வராததுக்கு 400 பிடிச்சுட்டு மீதி. இன்னைக்கு ஒருசந்தி, ஒரு வேளைதான் முழு சாப்பாடு, தலை வலிக்குது, சீக்கிரம் படுக்கணும்.

மார்ச் 6, வியாழன்

இணைச்சட்டம் 30. வாழ்வும் சாவும் உன் முன்னாடி இருக்கு, வாழ்வ எடுத்துக்கோன்னு மோசே சொல்ற இடம். நாளைக்கு பூசைல முதல் வாசகம் வாசிக்கிற முறை எனக்கு, எசாயா 58. ராத்திரி ரெண்டு தடவ சத்தமா வாசிச்சு பாத்தேன், நீளமான வாக்கியங்களா இருக்கு, எங்க நிறுத்தணும்னு பென்சில்ல கோடு போட்டுக்கிட்டேன். ஆஸ்பத்திரில இருக்கிற திருத்தந்தை பிரான்சிசுக்காக செபமாலை சொன்னோம்.

மார்ச் 7, வெள்ளி

எப்படி எழுதுறதுன்னு தெரியல. வாசகம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. நாங்க நோன்பு இருக்கோமே, நீங்க ஏன் பாக்கலன்னு ஜனங்க கடவுள்கிட்ட கேக்குறாங்க, அதுக்கு அவர் சொல்றார், நோன்பு நாள்லயும் நீங்க உங்க ஆதாயத்தைத்தான் பாக்குறீங்க, உங்க வேலையாட்களை ஒடுக்குறீங்கன்னு. நேத்து ரெண்டு தடவ வாசிச்சேனே, அந்த "வேலையாட்கள்"ங்கிற வார்த்தைய பென்சிலால தொட்டுக்கூட இருக்கேன், அப்போ ஒண்ணும் தோணல, இன்னைக்கு மைக் முன்னாடி நின்னு அதை சொல்லும்போது அந்த 400 ரூபாதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. பிடிச்சது சாம்பல் பூசின அன்னைக்கே. மூணாவது வசனம்தான், இன்னும் ஆறு வசனம் பாக்கி, குரல் இறங்கிடுச்சு, எப்படியோ முடிச்சுட்டு வந்து உக்காந்தேன்.

வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். தெருவுல எல்லாரும் அப்படித்தானே பிடிக்கிறாங்க, நாம என்ன புதுசான்னார். அதுவும் சரிதான்னு பட்டுச்சு. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு வருஷா வருஷம் அக்காவுக்கு சேலை எடுக்கிறோம், மிச்ச குழம்பு குடுத்து விடுறோம், நாங்க ஒண்ணும் ஈரமில்லாதவங்க இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா அக்கா அந்த நாலு நாள் வராதது பேத்திக்கு காய்ச்சல்னு, அது எனக்கு அன்னைக்கே தெரியும்.

மார்ச் 8, சனி

எசாயாவோட தொடர்ச்சி, பசிச்சவனுக்கு குடுத்தா உன் ஒளி இருட்டுல உதிக்கும்னு. 400 ரூபாய எடுத்து தவக்கால உண்டியல்ல போட்டுட்டேன். வலது கை செய்றது இடது கைக்கு தெரிய வேண்டாம்னு புதன்கிழமை நற்செய்தில கேட்டோமே, அதனால யாருகிட்டயும் சொல்லல. மனசு லேசாச்சு.

மார்ச் 9, ஞாயிறு

லூக்கா 4, பாலைவனத்துல இயேசுவுக்கு வந்த சோதனை. எத்தனையோ வருஷமா கேட்ட பகுதி, ஆனா இன்னைக்கு பதிலுரைப்பாடல் 91 பாடும்போது, தூதர்கள் உன்னை கைகள்ல தாங்குவாங்கன்னு வர்ற வரிய பாடிட்டு உக்காந்தா, கொஞ்ச நேரத்துல நற்செய்தில அதே வரிய சாத்தான் சொல்றான். அதே வேதவாக்குதான். நேத்து நானும் இடது கை வலது கைன்னு ஒரு வசனத்தை எடுத்துத்தானே அக்கா முகத்தை பாக்காம தப்பிச்சேன்னு நினைச்சப்போ உடம்பு கூசிப்போச்சு. நற்கருணை வாங்கப் போகல.

மார்ச் 10, திங்கள்

லேவியர் 19. கூலியாளோட கூலி விடியுற வரைக்கும் உன்கிட்ட இருக்கக்கூடாது. இதுக்கு மேல ஆண்டவர் எனக்கு எப்படி சொல்லணும்? மறைக்கல்வில சின்ன வயசுல படிச்சது ஞாபகம் வந்துச்சு, விண்ணகத்தை நோக்கி கூக்குரலிடுற பாவங்கள்ல கொலையோட சேர்த்து கூலிய குடுக்காம பிடிச்சு வெக்கிறதும் ஒண்ணு. கூலி தர்மம் இல்ல, அது கடன். நான் அடுத்தவங்க காச உண்டியல்ல போட்டுட்டு என் தர்மம்னு நினைச்சிருக்கேன்.

ஸ்கூல் விட்டு வந்ததும் பர்ஸுலருந்து 400 எடுத்து அக்கா கைல குடுத்தேன். எதுக்கு டீச்சர்னாங்க. லீவுக்கு பிடிச்சது, பிடிச்சது தப்பு, மன்னிச்சுக்கோங்கன்னேன், அவ்வளவுதான் சொல்ல வந்துச்சு. அவங்க எண்ணிப் பாத்து சுருக்குப் பைல வெச்சாங்க. அப்புறம் பாத்திரத்தை தேய்ச்சுக்கிட்டே, "வெள்ளிக்கிழமை குழுவுக்கு கட்ட வேண்டிய காசு டீச்சர் இது. பத்தலன்னு பக்கத்து வீட்டுல கைமாத்து வாங்கித்தான் கட்டினேன்"ன்னாங்க. குத்திக்காட்டவே இல்ல, நடந்தத சொன்னாங்க.

வெள்ளிக்கிழமை. நான் பீடத்துல நின்னு எசாயா வாசிச்ச அதே நாள். விடியறதுக்குள்ள குடுன்னு சட்டம் ஏன் அவ்வளவு அவசரப்படுதுன்னு இத்தனை வயசுல இப்பத்தான் புரியுது, எனக்கு அஞ்சு நாள் யோசனையா போன நேரம் அவங்களுக்கு அடுத்த வீட்டு வாசல்ல போய் நிக்கிற நேரமா இருந்திருக்கு.

மார்ச் 12, புதன்

யோனா 3. நினிவே ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கி சாம்பல்ல உக்காந்தான். எழுத நேரமில்ல, பேப்பர் திருத்தணும். ஒருவேள சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்கு போவேன்.

மார்ச் 14, வெள்ளி

மத்தேயு 5. காணிக்கைய பலிபீடத்து முன்னாடி வெச்சுட்டு முதல்ல போய் சமாதானம் ஆகுன்னு. போன வெள்ளி என் காணிக்கை அந்த வாசகம்தான்.

இன்னைக்கு அக்காகூட உக்காந்து பேசினேன், பேசினதுன்னா அவங்க தரைல உக்காரப் போனாங்க, நான் ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டேன். எனக்கு ஸ்கூல்ல வருஷத்துக்கு 12 நாள் சிஎல், அதாவது சம்பளத்தோட தற்செயல் விடுப்பு இருக்கு, மெடிக்கல் லீவு தனி. அவங்களுக்கு மாசம் ரெண்டு நாள் சம்பளத்தோட லீவு, முடியாம போனா அதுக்கு மேலயும் பிடிக்கிறதில்ல, சம்பளம் ஒண்ணாம் தேதியே. வீட்டுக்காரர் முதல்ல பேசல, அப்புறம் சரின்னார்.

அக்கா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்போ பங்குனி உத்திரத்துக்கு லீவு எடுத்துக்கிடுதேன் டீச்சர், சாஸ்தா கோயிலுக்கு எல்லாரும் போகணும், போன வருசம் நான் மட்டும் போகல"ன்னாங்க. ஏப்ரல் 11, வெள்ளி. எங்களுக்கு குருத்து ஞாயிறுக்கு முந்தின சிலுவைப்பாதை. அடுப்படி காலண்டர்ல குறிச்சு வெச்சேன்.