தலைகீழாகப் படித்தவர்

அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. நாளிதழில் நாங்கள் கொடுத்த அறிவிப்பில் ‘அன்பு தந்தை’ என்று அச்சாகியிருந்தது. நடுவில் இருக்க வேண்டிய ‘த்’ இல்லை. அன்று இருந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் இருந்திருந்தால் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சில் வெளியே வந்திருக்கும்.

அப்பா ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகள் அறை அறையாகப் பிரித்த மரப் பெட்டியில் கிடக்கும். அதைக் கேஸ் என்பார்கள். இடது கையில் ஸ்டிக் என்கிற, எழுத்து அடுக்கும் சிறு தட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அடுக்க வேண்டும். எழுத்தெல்லாம் தலைகீழாக நிற்கும். வரி மட்டும் இடமிருந்து வலமாக ஓடும். அச்சடித்து முடித்ததும் அத்தனையையும் பிரித்து அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். பலருக்கு இந்த வேலைதான் பிடிக்காது, அள்ளிப் போட்டுவிட்டுப் போவார்கள். அப்பா நேரமானாலும் நின்று போட்டுவிட்டுத்தான் வருவார். ‘ண’ அறையில் ஒரு ‘ன’ கிடந்தால் நாளைக்கு எடுக்கிறவன் பாவம் என்பார். நாளைக்கு எடுக்கப்போகிறவரும் பெரும்பாலும் அவரேதான்.

வீட்டில் நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். நோட்டைத் திருப்பிப் பார்க்காமலே, “மூன்றாவது வரி, ஒற்று” என்பார். தலைகீழாகப் படிப்பது அவருக்கு ஒரு வேலையே இல்லை. எனக்குத்தான் எதையும் மறைக்க முடியாத தொல்லை.

வேலையிலிருந்து வந்ததும் எங்களைத் தொடமாட்டார். நேரே போய் முழங்கை வரை சோப்புப் போட்டு, நகக்கண்ணைத் தேய்த்து, மறுபடியும் ஒருமுறை கழுவுவார். நாங்கள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொள்வார். பாசமில்லாத மனிதர் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஈயம் உடம்பில் சேரும், குழந்தைகளை அதிகம் பாதிக்கும் என்பதைப் பின்னாளில் பாடப் புத்தகத்தில்தான் படித்தேன். அவர் ஒரு வார்த்தை விளக்கியதில்லை.

1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. பகலெல்லாம் புதிய எழுத்தைக் கோத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் பழையதைத்தான் எழுதுவார். என் பெயரில் ஒரு ‘லை’ வரும். என் நோட்டு அட்டைகள் எல்லாவற்றிலும் துதிக்கை தூக்கிய ‘லை’. ஆசிரியர் ஒவ்வொரு வருடமும் அதை அடித்துத் திருத்தினார். அப்பா ஒவ்வொரு வருடமும் அதையே எழுதினார்.

இரவில் புரூஃப், அதாவது பிழை திருத்துவதற்கான அச்சுப்படி, வீட்டுக்கு வரும். அம்மா மூலத்தை உரக்கப் படிப்பாள், அப்பா அச்சில் ஒப்பிட்டுத் திருத்துவார். அம்மா படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். ஆனால் சட்டம், சோதிடம், வரலாறு என்று அச்சுக்கு வந்ததையெல்லாம் படித்தாள். ஒரு மருத்துவப் புத்தகம் வந்த வாரத்தில் அதிலிருந்த நோயெல்லாம் எங்களுக்கு இருப்பதாக நம்பினாள். நிறுத்தக்குறியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் விதி. “அவன் வந்தான் கமா நின்றான் கமா பேசவில்லை முற்றுப்புள்ளி.” அவர்கள் இருவரும் உட்கார்ந்து கொஞ்சிப் பேசி நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த அவர்களுடைய பேச்சு இதுதான்.

1990களில் கணினி வந்தது. அச்சகத்தில் கேஸ்களை எடைக்குப் போட்டார்கள். ஐம்பது வயதில் தட்டச்சுக் கற்றுக்கொண்டு மேலும் சில வருடம் ஓட்டினார். அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அம்மாவுக்குக் கண்ணழுத்த நோய் என்று தெரிந்தபோது பார்வை பாதி போயிருந்தது. மூன்று சொட்டு மருந்துகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிட இடைவெளி. அப்பா கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போட்ட சொட்டுக்கெல்லாம் ஒரு தாளில் கோடு இழுத்து வைப்பார், சிவப்புப் பென்சிலால்தான். பார்வை இன்னும் குறைந்தபின் இரவில் படிக்கிற வேலையும் அவருடையதாயிற்று. நாவலைக்கூடக் கமாவோடுதான் படிப்பார். “கதையை நடத்துங்கள், புள்ளியை நானே வைத்துக்கொள்கிறேன்” என்று அம்மா எரிந்துவிழுவாள். அவரால் விட முடியவில்லை. அப்படிப் பதினோரு வருடம்.

அவர் பாதியில் வைத்துவிட்டுப்போன புத்தகம் ஒன்று இருந்தது. போன வாரம் அதை எடுத்து, அவர் மடித்துவைத்த பக்கத்திலிருந்து அம்மாவுக்குப் படித்தேன். நன்றாகத்தான் படித்தேன் என்று நினைக்கிறேன். அரைப் பக்கம் தாண்டுவதற்குள் அம்மா கையை நீட்டி நிறுத்தினாள்.

“கமாவைச் சொல்லிப் படி.”