தொழிச் சேறும் உள்ளான் காலும்

சேற்றில் இரை தேடும் நீர்க்கரைப் பறவைகள் உள்ளான்கள். காவிரி டெல்டாவுக்கு வலசை வரும் அவற்றுக்கு எது நல்ல காலம் என்று கேட்டால், தாளடிக்கு, அதாவது குறுவைக்குப் பின் நடும் இரண்டாம் போக நெல்லுக்கு, வயலில் நீர் நிறுத்திச் சேறாக்கும் தொழி உழவு நடக்கும் நாட்களைத்தான் சொல்வோம். ஜூன் 12 மேட்டூர் அணை திறந்தால் முதல் போகமான குறுவை. செப்டம்பர், அக்டோபரில் அதை அறுத்துவிட்டு மறுபடி சேறடிக்கிறார்கள். வடக்கிலிருந்து பொரி உள்ளானும் விசிறிவால் உள்ளானும் வந்து இறங்குவதும் அப்போதுதான். டிராக்டரின் கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம் புரட்டிப் போடும் சேற்றில் மண்புழுவும் நத்தையும் நீர்வண்டும் மேலே வந்து கிடக்கும்.

எந்தப் பறவை எந்த வயலில் இறங்கும் என்பதைத் தண்ணீரின் ஆழம் தீர்மானிக்கிறது. கொசு உள்ளானின் குட்டைக் காலுக்கு இரண்டு மூன்று செ.மீ. போதும். பொரி உள்ளான் ஐந்து செ.மீ. வரை சமாளிக்கும், கருவால் மூக்கான் பத்தைத் தாண்டியும் இறங்கும். விசிறிவால் உள்ளானுக்கு ஈரச் சேறே போதும். ஆறேழு செ.மீ. அலகை முழுக்க நுழைத்து, நுனியை மட்டும் மண்ணுக்குள்ளேயே திறந்து புழுவைக் கவ்வும். மண் இறுகிவிட்டால் அந்த அலகு இறங்காது.

நட்டு முப்பது நாற்பது நாளில் பயிர் வளர்ந்து சேற்றை மூடிக்கொள்ளும். தாளடியும் ஒருபோகச் சம்பாவும் கலந்து கிடக்கும் ஊரில் ஏதாவது ஒரு வயல் திறந்திருக்கும். தண்ணீர் தாமதமாகி எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டால் எல்லாம் ஒன்றாக மூடிவிடும். காய்ந்த மண்ணில் நேரடியாக விதைக்கும் புழுதி விதைப்பில் சேறடிப்பே கிடையாது. தண்ணீரும் கூலியும் மிச்சமாவதால் விவசாயி அதற்கு மாறுகிறார், அவரைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் உள்ளானுக்கு அந்தச் சேற்று வாரங்கள் இல்லாமல் போகின்றன.

தை அறுவடைக்கு முன் தண்ணீரை வடித்து, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்து தெளிப்பார்கள். மேட்டூரும் வழக்கப்படி ஜனவரி 28 மூடும். காய்ந்த தாளில் மஞ்சள் வாலாட்டியும் பூனைப்பருந்தும் பிழைத்துக்கொள்ளும். திரும்பிப் பறக்க உடம்பில் கொழுப்பு ஏற்ற வேண்டிய உள்ளான்களுக்கோ மார்ச்சில் ஏரிகள்தான் கதி. ராம்சர் எனும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இருக்கும் வடுவூரும் கரைவெட்டியும் பாசன ஏரிகளே. நீர் மெல்ல வற்றும்போது ஏரியின் உட்பகுதியான உள்வாயில் சேறு தெரியும். அந்த உள்வாயை உழுது பயிர் வைத்தாலும் சீமைக்கருவேல் மண்டினாலும் இருந்த கடைசி இடமும் போச்சு.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது வயலில் தூவும் குருணைப் பூச்சிமருந்து. கார்போபியூரான் குருணையைத் தானியம் என்று கொத்தினாலும், அதைத் தின்ற புழுவைத் தின்றாலும் பறவை சாகும். 2023இல் மத்திய அரசு 3 சதவீத உறைக்குருணை தவிர மற்ற வடிவங்களை நிறுத்தச் சொன்னது, மிச்சமிருப்பதும் நஞ்சுதான். நெல் தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சிக்குப் பத்து சதவீதக் குருத்து காயும்வரை மருந்து தேவையில்லை. நட்ட 30, 37ஆம் நாட்களில் ஏக்கருக்கு 2 சி.சி. டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் அட்டையைக் கட்டலாம்; அது குருத்துப்பூச்சியின் முட்டைக்குள் வளர்ந்து அதை அழிக்கும் சிறு குளவி ஒட்டுண்ணி. கட்டிய பிறகு ஒரு வாரம் எந்தப் பூச்சிமருந்தும் தெளிக்கக் கூடாது, தெளித்தால் ஒட்டுண்ணியும் சேர்ந்து செத்துவிடும்.

உளுந்து சரியாக வராத பள்ளக்கால் வயல் எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு இருக்கும். அறுவடை முடிந்ததும் அதில் தாளைக் கொளுத்தாமல், வடிகால் வாயை அடைத்து, இருக்கிற தண்ணீரை நாலு விரல் ஆழத்துக்கு மேல் போகாமல் பதினைந்து நாள் நிறுத்தினால் உள்ளான்களுக்கு அது போதும்.