வாழ்த்து மடலுக்கு அடங்காதவை

2025 ஜூன் 10, செவ்வாய்

இந்த மாதக் கடைசியில் எங்கள் பிரிவு லஸ்கர் அண்ணன் ஓய்வு பெறுகிறார். விழாவில் வாசிக்க வாழ்த்து மடல் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று ஆபீசில் யாரோ கிளப்பிவிட்ட வதந்தி. தட்டச்சர் பழைய மடல் ஒன்றைக் கணினியில் திறந்து காட்டினார். "பண்பின் சிகரமே, கடமையின் கலங்கரை விளக்கமே" என்று தொடங்குகிறது. "பேரை மட்டும் மாத்தினாப் போதும் மேடம். இதுவரைக்கும் நாலஞ்சு விழாவுக்கு ஓடியிருக்கு" என்றார்.

டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு லஸ்கர் யாரென்று தெரியாது. சட்ரஸில், அதாவது ஆற்றுக்குக் குறுக்கே ஷட்டர் வைத்துக் கட்டிய தடுப்பில், ஷட்டரை ஏற்றி இறக்குபவர், காலையும் மாலையும் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் பார்த்துச் சொல்பவர், வெள்ளக் காலத்தில் கரையிலேயே கிடப்பவர். என்னைப் போன்ற உதவிப் பொறியாளர்கள் வருவோம், இடமாற்றம் வாங்கிக்கொண்டு போவோம். லஸ்கர் அதே கரையில் இருப்பார். எந்த மதகு எந்த வருஷம் மக்கர் செய்தது, எந்த வளைவில் கரை பலவீனம் என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் இருக்கிறது, கோப்பில் இருக்காது.

அவரிடம் கற்றுக்கொண்டதை அவ்வப்போது இங்கே எழுதி வைக்கிறேன். மடலுக்கு ஆகுமா ஆகாதா என்பதை அப்புறம் பார்ப்போம்.

2025 ஜூன் 12, வியாழன்

இன்று மேட்டூர் திறந்தாகிவிட்டது. ஜூன் 12 என்பது வழக்கமான தேதி. எல்லா வருஷமும் அப்படி வாய்ப்பதில்லை. போன வருஷம் ஜூலைக் கடைசி ஆகிவிட்டது, குறுவை போட்டவர்கள் போர்செட்டை நம்பித்தான் போட்டார்கள்.

ஆபீசில் எல்லோரும் டிவியில் திறப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் சட்ரஸின் மேல் உட்கார்ந்து ஷட்டரைத் தூக்கும் திருகுத்தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, பக்கத்தில் ஒரு டப்பா கிரீஸ், ஒரு தென்னமட்டைத் துண்டு. புதுக் கிரீஸை அவர் அப்படியே பூசிவிடுவதில்லை. மட்டையின் விளிம்பால் மரையில் கிடக்கும் பழசைச் சுரண்டி வழித்துக் கீழே போட்டு, அதை விரலால் நசுக்கிப் பார்க்கிறார். "கோடை பூரா அடிச்ச மணல் காத்து இதுலதாம்மா உக்காந்திருக்கு. இதுக்கு மேலயே கிரீஸைத் தடவினா உப்புத்தாளை வச்சுத் தேய்க்கிற கதைதான்."

துடைத்த பிறகு ஒவ்வொரு ஷட்டரையும் ஒரு சாண் ஏற்றி இறக்கினார். கைப்பிடியை என்னிடமும் கொடுத்தார். சுற்றும்போது எந்த இடத்தில் இறுகுகிறது என்பது தோளில் தெரியவேண்டுமாம். தெரிந்தது. கல்லூரியில் ஷட்டர் வழியாக எவ்வளவு தண்ணீர் போகும் என்று கணக்குப் போட நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஷட்டர் ஏறினால்தானே அந்தக் கணக்கு.

2025 ஜூன் 15, ஞாயிறு

கல்லணை திறப்பு. மேட்டூர்த் தண்ணீர் அங்கே வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாற்றில் வருவது எங்கள் பங்கு. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் அது மறுபடியும் பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று பிரியும். நாங்கள் கோரையாற்றுக்காரர்கள்.

கல்லணை என்றதும் கரிகாலன் பேச்சு வரும். எனக்கு ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் நினைவுக்கு வருவார். 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டியவர், பின்னாளில் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையையும் கட்டியவர். ஆழம் காணமுடியாத மணலில் எப்படி அடித்தளம் போடுவது என்பதை இந்த நாட்டின் பழைய கட்டுநர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். நம்மை ஆண்ட ஆங்கிலேயரின் படையிலிருந்து வந்த பொறியாளர், ஆளப்பட்டவர்களைத் தன் ஆசான்கள் என்று ஒப்புக்கொண்டது சின்ன விஷயமில்லை. ஆனால் நன்றி சொல்ல அவருக்கும் ஒரு பெயர் கிடைக்கவில்லை. மணலில் கல்லைப் போட்டு, அது அழுந்த அழுந்த மேலே இன்னொரு கல்லைப் போட்டு, இடையில் களிமண் வைத்தவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்?

மாலையில் அண்ணனிடம், உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "எனக்கு முன்னாடி இருந்த லஸ்கர்தான். தாத்தான்னு கூப்பிடுவோம். திட்டித் திட்டித்தான் சொல்லிக்கொடுப்பாரு. நீங்கள்லாம் நல்லா மரியாதையா கத்துக்கிட்டீங்க" என்று சிரித்தார். தாத்தாவின் போட்டோ இருக்கிறதா என்றால், இல்லை. அவர் காலத்தில் ஓய்வு பெறுபவரை உட்காரவைத்துப் படம் எடுக்கும் வழக்கம் லஸ்கர் மட்டத்துக்கு வரவில்லை போலிருக்கிறது.

2025 ஜூன் 18, புதன்

தண்ணீர் வந்துவிட்டது!

முதல் தண்ணீர் பார்க்க அழகாக ஒன்றும் இருக்காது. நுரை, சருகு, பிளாஸ்டிக் பாட்டில், பிழைக்க ஓடும் எறும்புக் கூட்டம். காய்ந்த மணல் அதைக் குடித்துக்கொண்டே இருப்பதால் ஒரு ஆள் மெதுவாக நடக்கிற வேகம்தான். அண்ணன் அதன் கூடவே கரையில் நடந்து வந்தார்.

சட்ரஸில் நடு ஷட்டர்களை முதலில் திறந்து, அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே அளவாக ஏற்றிக்கொண்டே போகவேண்டும். ஓரத்தை முதலில் திறந்தால் தண்ணீர் ஒரு கரையைப் பிடித்து அரிக்கும். விதிப்புத்தகத்திலும் இது இருக்கிறது. அதில் இல்லாதது, ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் அவர் கீழ்ப்பக்கம் போய் நின்று தண்ணீர் எங்கே திரும்புகிறது என்று பார்த்துவிட்டு வருவது.

கேஜ் பார்க்கவும் பொறுமை வேண்டும். "செத்த நேரம் நில்லுங்கம்மா. அலை ஏறித் தொடுறதையும் பாருங்க, இறங்குறதையும் பாருங்க. நடுவுல உள்ளதை எழுதுங்க." முதன்முதலில் நான் இங்கே சேர்ந்த வாரம் அவர் சொன்ன வாக்கியம் இது. இன்று பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரிப் பையன்களிடம் ஒரு எழுத்து மாறாமல் அதையே சொன்னார்.

2025 ஜூன் 22, ஞாயிறு

மடலை எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு இரவுதான் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதிவிடுகிறேன்.

போன கார்த்திகை மழை. ஆறு கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. நடு ராத்திரி தாண்டி அண்ணன் போன் செய்து, வளைவுக்கு வாருங்கள் என்றார். ஜீப் போகாது, கரையில் சேறு. நடந்து போய்ச் சேர்ந்தபோது கரையின் வயல் பக்கத்து அடியில், சம்பா நடவு ஓரமாக, தண்ணீர் குமிழியிட்டு மேலே வந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் டிராக்டரில் மண்மூட்டை கொண்டுவந்து நின்றார்கள். அந்த ஊற்றின் மேலேயே போட்டு அமுக்கிவிடவேண்டும் என்று அவசரம். யாருக்குத்தான் அப்படித் தோன்றாது?

அண்ணன் அவர்களை நிறுத்தினார். குனிந்து, ஊற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி, டார்ச் வெளிச்சத்தில் பிடித்தார். தண்ணீர் விரலிடுக்கில் வடிந்ததும் கையில் மெல்லிய மணல் ஒட்டிக்கொண்டு நின்றது. என்னிடம் கையை நீட்டினார். "தெளிஞ்சு வந்தா அது கசிவு, காவல் வச்சாப் போதும். இது கலங்கி வருது. கரை உள்ளுக்குள்ள கரைஞ்சு வருதுன்னு அர்த்தம்."

மூட்டைகளை ஊற்றின் மேல் போடவில்லை, அதைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் மாதிரி வட்டமாக அடுக்கச் சொன்னார். அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் பீறிட்டுக்கொண்டு கிளம்பும். சுற்றிக் கட்டினால் உள்ளே தண்ணீர் உயர்ந்து நின்று, கீழிருந்து வருவதை அதுவே எதிர்த்து அழுத்தும். முழங்கால் உயரம் தாண்டியதும் குமிழி அடங்கியது. இன்னும் இரண்டு வரிசை வைத்த பிறகு தண்ணீர் தெளிந்து வர ஆரம்பித்தது. முழுக்க நிற்கவில்லை. நிற்கவும் வேண்டியதில்லை என்றார்.

அப்புறம் ஆற்றுப் பக்கம். கரையோரத் தண்ணீரில் வைக்கோலைத் தூவிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் வைக்கோல் சின்னதாகச் சுழன்று உள்ளே போனது. நண்டு வளையோ எலி வளையோ, வாய் அங்கேதான். இடுப்பில் கயிறு கட்டி ஒரு இளவட்டத்தை இறக்கி, வைக்கோலும் களிமண்ணும் திணித்த சாக்கை அழுத்தி, சவுக்குக் கம்பு அடித்து முடிக்கும்போது கிழக்கு வெளுத்துவிட்டது.

மண்ணியல் பாடத்தில் இதற்கு 'பைப்பிங்' என்று பெயர். படம் போட்டு, சூத்திரம் எழுதி, நல்ல மதிப்பெண்ணே வாங்கியிருக்கிறேன். அந்தப் படத்துக்கு ஒரு கை முளைத்து, அதில் மணல் ஒட்டியிருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கடமையின் கலங்கரை விளக்கமே" என்று இந்த மனிதரை எப்படி எழுதுவது?

2025 ஜூன் 26, வியாழன்

முத்துப்பேட்டை பக்கத்துக் கடைமடையிலிருந்து ஒருவர் டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து ஆபீஸ் வாசலில் சத்தம் போட்டார். தலைமடைக்காரன் பலகை போட்டு மறிக்கிறான், நீங்கள் கண்டுகொள்வதில்லை, இத்யாதி. அண்ணன் மறுத்தும் பேசவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "நாத்துக்கு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். பதினாறு நாள். குறுகிய கால ரகம் என்றால் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு நாளுக்குள் பறித்து நட்டாகவேண்டும், அதற்கு மேல் முற்றிய நாற்றில் தூர் கட்டாது. "அப்ப ஞாயித்துக்கிழமைக்குள்ள தண்ணி வந்தாச் சரிதானே?" என்றதும் ஆள் பாதி இறங்கிவிட்டார். மீதிக்கு டீ.

புகாரைவிட நாற்றின் வயதை முதலில் கேட்கவேண்டும் என்பதை நானும் பிடித்துக்கொண்டேன். யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்கும் பட்டியல் போடும்போது இப்போது அதற்கென்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன்.

2025 ஜூன் 28, சனி

நியாயத்துக்கு இன்னொருவரையும் சொல்லவேண்டும். நான் சேர்ந்தபோது இருந்த உதவிச் செயற்பொறியாளர் அம்மா. சிவப்பு மைக்காரர். என் குறிப்புகள் அவரிடம் போய்த் திரும்பும்போது ரத்தக்களரியாக இருக்கும். "எப்போது, எங்கே, எவ்வளவு" என்று ஓரத்தில் எழுதுவார், வேறொன்றும் எழுதமாட்டார். பழைய காகிதத்தைப் பெயரை வைத்துத் தேடாதே, வருஷத்தை வைத்துத் தேடு என்பதும் அவர் சொன்னதுதான். இப்போது சென்னையில் இருக்கிறார். போன் செய்தேன், எடுக்கவில்லை. சரி, பிஸியாக இருப்பார்.

2025 ஜூன் 30, திங்கள்

விழா முடிந்தது. ரோஜா மாலை, பொன்னாடை, கேசரி, பக்கோடா. மேட்டூர் நேற்று 120 அடியைத் தொட்டதால் பேசியவர்கள் எல்லோருக்கும் சொல்ல ஒன்று கிடைத்தது. அண்ணனின் ராசியால் அணை நிரம்பியதாக ஒருவர் முடித்தே விட்டார்.

நான் மடலில் அடைமொழி எதுவும் போடவில்லை. கிரீஸ், கேஜ், உள்ளங்கை மணல், நாற்றின் வயது இவற்றை மட்டும் வாசித்தேன். "இவருக்கு முன்னால் இருந்து இவருக்குச் சொல்லிக்கொடுத்த லஸ்கர் தாத்தாவுக்கும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். தட்டச்சருக்கு ஏமாற்றம், மடல் சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரி இல்லையாம். அண்ணியும் பேத்தியும் முன்வரிசையில் இருந்தார்கள். அந்த ராத்திரி அவர் எங்கே போனார், என்ன செய்தார் என்பது அண்ணிக்கே இன்றைக்குத்தான் தெரியும். "மழையில நனைஞ்சு வந்து காய்ச்சல்ல படுத்தாரு, எதுக்குன்னு சொல்லவே இல்ல" என்று மேடையைப் பார்த்துச் சத்தமாகவே சொல்லிவிட்டார். கூட்டம் சிரித்தது.

ஏற்புரையில் அண்ணன் பேசியது கொஞ்சம்தான். அதிலும் பாதி திருத்தம். "அம்மா நல்லா எழுதியிருக்காங்க. ஆனா அன்னிக்கு ஆத்துல இறங்கினவன் பேரை விட்டுட்டாங்க" என்று கூட்டத்தில் நின்றிருந்த அந்தப் பையனைக் கூப்பிட்டுத் தன் பொன்னாடையை எடுத்துப் போர்த்தினார்.

2025 ஜூலை 9, புதன்

அண்ணனின் ஓய்வூதியக் கோப்பு திரும்பி வந்திருக்கிறது. பணிப் பதிவேட்டில் ஆரம்ப காலத்தில் ஒரு வருஷத்துக்குச் சரிபார்ப்புக் குறிப்பு இல்லையாம். அந்த வருஷம் அவர் வேலை பார்த்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். அவரோ, "பரவால்லம்மா, மெதுவா வரட்டும்" என்கிறார். மேடையில் பக்கோடா தின்றவர்கள் எல்லோரும் அவசர வேலையில் இருக்கிறார்கள்.

மதியத்துக்கு மேல் பதிவறைக்குள் போனேன். கரையான், தூசி, பரணில் ஒரு பூனைக் குடும்பம். பெயர் வாரியாகத் தேடிவிட்டு இல்லை என்று சொன்னார்கள். நான் வருஷ வாரியாகக் கட்டுகளை இறக்கினேன். சம்பளப் பட்டியல் பதிவேடு வேறொரு பிரிவின் கட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. பன்னிரண்டு மாதமும் அவர் கையெழுத்து இருக்கிறது. முதல் சில மாதம் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் போட்டிருக்கிறார். அவருக்கு மேல் வரிசையில் பெருவிரல் ரேகை ஒன்று, பக்கத்தில் குமாஸ்தா எழுதிய பெயர். தாத்தாதான், விசாரித்து உறுதி செய்துகொண்டேன்.

அந்தப் பக்கங்களை நகல் எடுத்து, சான்றொப்பம் வாங்கி, முகப்புக் கடிதம் தயார். எப்போது, எங்கே, எவ்வளவு, மூன்றும் இருக்கிறது. தபாலில் போட்டால் எங்கேயாவது தங்கிவிடும். நாளை காலைக் கேஜ் பார்த்துவிட்டு முதல் பஸ்ஸில் நானே திருவாரூர் கொண்டுபோகிறேன்.