மாளவத்தில் ஓர் இரவு: பிரஹ்லாத் சிங் டிபானியாவின் கபீர்

மத்தியப் பிரதேசத்தின் மாளவப் பகுதியில் உள்ள உஜ்ஜயினியிலிருந்து, கபீர் பாடல்களைப் பாடும் பிரஹ்லாத் சிங் டிபானியாவைக் கேட்க லுனியாகேடி கிராமத்துக்குப் போகிறவர்கள், திரும்பி வருவதற்கும் சேர்த்து வாடகையை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். போகும்போது நியாயமாக நடந்துகொண்ட ஓட்டுநர், விடியற்காலையில் வேறு வண்டி கிடைக்காது என்று தெரிந்ததும் 400 ரூபாய் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் தங்குவதற்கென எடுத்து வைத்திருந்த பணம் அது என்பதால் கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆயினும் அந்த இரவில் கேட்ட பாட்டுக்காக இன்னொரு முறையும் போவேன்.

1954-இல் பிறந்த டிபானியா இசைப் பரம்பரையில் வந்தவரல்லர். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து அரசுப் பள்ளி ஆசிரியரானவர். இளம் வயதில் தம்பூராவின் நாதத்துக்கு மனத்தைப் பறிகொடுத்து, அதை வாசிக்கக் கற்கப்போன இடத்தில்தான் ஞானக் கவி கபீரின் பாடல்கள் அவரைப் பற்றிக்கொண்டன. மாளவ கிராமங்களில் மண்டலிகள் எனப்படும் பாடகர் குழுக்கள் கூடி விடிய விடியப் பாடும் வழக்கமே அவரை வளர்த்தது. பக்கத்துத் தேவாஸ் நகரில் வாழ்ந்த இந்துஸ்தானிப் பாடகர் குமார் கந்தர்வர், உருவமற்ற இறைவனைப் பாடும் இத்தகைய நிர்குணப் பாடல்களைச் செவ்வியல் மேடைக்குக் கொண்டு சென்றார். டிபானியாவோ மாளவத்தின் பேச்சுமொழியான மாள்வியின் கிராமத்து நடையை விடாமலே வெளிநாடுகள் வரை பாடி, 2011-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

ஒரு கை தம்பூராவின் ஐந்து தந்திகளை மீட்டிக்கொண்டிருக்க, மறு கையில் நம் பஜனைக்காரர்களின் சப்ளாக்கட்டையை ஒத்த கர்த்தால் தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதலில் தாளமின்றி ஸாக்கி என்னும் ஈரடியை நீட்டிப் பாடுகிறார். பிறகு டோலக் நுழைந்ததும் பாட்டு ஓடத் தொடங்குகிறது. நாட்டுப்புறக் குழுவில் வயலின் எதற்கு என்று எண்ணியிருந்த எனக்கு, அவர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் அவர் விட்ட சுரத்தை அது ஏந்திக்கொண்டதைக் கேட்டபின் அந்த ஐயம் எழவே இல்லை.

பாட்டின் நடுவே நிறுத்தி அவர் பொருள் சொல்வதுதான் கச்சேரியின் உயிர். சாதிச் செருக்கையும் வெற்றுச் சடங்கையும் கபீர் சாடும் வரிகளை, வகுப்பறையில் பாடம் நடத்துவதுபோலப் பொறுமையாகப் பிரித்துச் சொல்லிவிட்டு, விட்ட அடியிலிருந்தே மீண்டும் எடுக்கும்போது கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடுகிறது. என் அரைகுறை இந்திக்கே அவ்வளவும் எட்டியதற்கு நம் சித்தர் பாடல்களோடு எனக்கிருந்த பழக்கமும் ஒரு காரணம். பல ஒலிப்பதிவுகளில் இந்தப் பேச்சை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் கொடுக்கிறார்கள். அது பெரும் அநியாயம்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. கோதுமை மாவு உருண்டையை வேகவைத்து, தணலில் சுட்டு, நெய்யில் தோய்த்தெடுக்கும் பாஃப்லாவைப் பருப்பில் பிசைந்து உண்டதில், மறுநாள் மதியம் வரை பசியெடுக்காததால் ஒரு வேளைச் செலவும் மிச்சமாயிற்று.

நுழைவுக் கட்டணம் ஏதும் இல்லை. ஒலிபெருக்கியின் இரைச்சல் பின்வரிசைகளில் வயலினை முழுவதுமாக விழுங்கிவிடுகிறது; ஆகையால் பொழுது சாய்வதற்குள் போய் மேடையை ஒட்டித் தரையில் இடம்பிடித்துக்கொள்ளுங்கள்.