அஞ்சு ரூபாய் பாக்கெட்

"உங்க காசுலயாங்க டீச்சர் வாங்கிக் குடுக்கறேன்?"

அந்தப் பெண் இப்படிக் கேட்டபோது மணி எட்டேகால்கூட ஆகவில்லை. கம்பெனி வேன் ரோட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய மூன்று வயது மகள் அம்மாவின் முந்தானையை விடாமல் அழுதாள். அழுகைக்குக் காரணம் நான்தான். குழந்தை கையில் வைத்திருந்த மசாலா பாக்கெட்டை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பிள்ளையின் கையைப் பிய்த்து விட்டுவிட்டு வேனுக்கு ஓடிப்போனாள்.

திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறேன். அங்கன்வாடி என்று ஊரில் யாரும் சொல்வதில்லை, பால்வாடிதான். வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். அம்மா செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ இருப்பார், அப்பா டெய்லராகவோ அயர்ன் மாஸ்டராகவோ இருப்பார். எட்டரைக்கு ஷிஃப்ட். வேலை நெருக்கினால் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு ராத்திரிதான் வீடு திரும்புவார்கள். எங்கள் நேரம் எட்டு மணி கிடையாது. ஆனாலும் எங்கள் ஆயா முன்னதாகவே வந்து கதவைத் திறந்து வைத்துவிடுவார். இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளை எங்கே விட்டுவிட்டுப் போவார்கள்?

பால்வாடிக்கு நாலு வீடு தள்ளி ஒரு மளிகைக் கடை. வாசலில் சரம் சரமாக பாக்கெட் தொங்கும். சிப்ஸ், மசாலா குச்சி, ஜெல்லி, க்ரீம் பிஸ்கட் என்று எல்லாமே அஞ்சு ரூபாய், சிலது ரெண்டு ரூபாய். பாதி பாக்கெட் காற்றுதான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையின் வயிறு ரொம்பச் சின்னது. ஒன்பது மணிக்கு எண்ணெயும் உப்பும் கலந்த மாவு அதில் இறங்கினால், பகலில் சாம்பார் சாதத்துக்கு முன்னால் உட்கார வைக்கும்போது வாயே திறக்காது. முட்டை போடும் நாளில் மஞ்சள் கருவைத் தரையில் தேய்த்து விளையாடும். வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கை மட்டும் எப்படியோ தின்றுவிடும், அதுவும் ஏறக்குறைய சிப்ஸ்தானே என்று ஆயா சிரிப்பார்.

எனக்குக் கோபம் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு 2 வயது முதலான பால்வாடிக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார். என் அம்மா தலைமுறையில் அந்த ஒருவேளைச் சோற்றுக்காகவே பிள்ளைகளைப் பால்வாடிக்கு அனுப்பியவர்கள் உண்டு. அப்போது தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது என்று பழைய ஆயாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது மிஞ்சியதை மதியம் கோழிக்குப் போடுகிறோம். பிள்ளை பசியாகவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. இதை என்னவென்று பதிவேட்டில் எழுதுவது?

மாதம் ஒருமுறை எடை பார்க்கிறோம். அழுத பெண் குழந்தைக்கு அப்போது சரியாக மூன்று வயது, எடை 10.6 கிலோ. அந்த வயதுப் பெண் குழந்தைக்குச் சராசரி 14 கிலோவை ஒட்டி இருக்கும். 10.8க்குக் கீழே போனால் வளர்ச்சி அட்டையில் மஞ்சள், அதாவது எடை குறைவு. மூன்று மாதமாக முள் நகரவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அட்டையை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். அவள் அட்டையைப் பார்க்கவே இல்லை.

"எங்க வீட்டுல எல்லாருமே ஒல்லிங்க டீச்சர். நான் கூட இப்படித்தான் இருந்தேனாம், எங்கம்மா சொல்லும்."

"ஒல்லியா இருக்கறது வேற கண்ணு. ஏறாம நிக்கறது வேற."

"அப்ப நான் புள்ளயப் பாக்கறதில்லைங்கறீங்களா?"

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் என் முகம் சொல்லியிருக்கும். 17 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், தாய்மார்களைப் பார்க்கிற என் பார்வையில் அந்தத் தொனி எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. டீ போடட்டுமா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். குடித்திருக்கலாம்.

அப்புறம் ஒரு நாள் ஆயாவுக்குக் காய்ச்சல். காலையில் நானே சீக்கிரம் போய்க் கதவைத் திறந்தேன். அன்றைக்குத்தான் அந்த எட்டு மணியை முழுசாகப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் எட்டுப் பிள்ளைகள். ஒவ்வொன்றும் வாசலில் அம்மாவின் காலைக் கட்டிக்கொள்ளும். வேன் நிற்காது. அதைத் தவறவிட்டால் பஸ் பிடித்துப் போக வேண்டும், லேட்டாகப் போனால் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்க வேண்டும். பாக்கெட் கைக்கு வந்ததும் குழந்தை அதைப் பிரிக்கிற வேலையில் இறங்கிவிடுகிறது. அந்த ஒரு நிமிஷத்தில் அம்மா மறைந்துவிடுகிறாள். பசிக்கு வாங்கித் தருகிற பண்டமே இல்லை அது, பிள்ளையை விட்டுப் பிரிவதற்குக் கொடுக்கிற அஞ்சு ரூபாய். அன்று ஒரு பையன் அழுகையை நிறுத்தவே இல்லை. நான் என்ன செய்தேன்? என் மேஜை டிராயரைத் திறந்து ஒரு க்ரீம் பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன். யாரும் பார்க்கவில்லை.

இதைச் சொல்வதால் பாக்கெட் சரி என்று நான் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த எண்ணெயும் உப்பும் அந்த வயதுக்கு ஆகாது, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் தாய்க்குத் தெரியாததால்தான் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் எடுத்த வகுப்புகள் எல்லாம் வீண். அவளுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்துத் தப்பும் ஒன்று வெளியே வந்தது. அந்தப் பெண்தான் ஒரு நாள் போகிற போக்கில், "சோறு காரமா இருக்குன்னு சொல்றாங்க டீச்சர்" என்றாள். மறுநாள் சாம்பாரை நானே ஒரு வாய் தின்று பார்த்தேன். பெரியவர்களுக்கு அருமையான சாம்பார்! ஆயா நல்ல கைப்பக்குவக்காரர், தன் வீட்டுக்குச் செய்வது போலவே செய்துவிடுகிறார். எங்களிடம் வருகிற ஒடிசா, பீகார் பிள்ளைகள் மூன்று பேர் சோற்றை மட்டும் தின்றுவிட்டுக் குழம்பை ஒதுக்குவார்கள். ஊர் பழகவில்லை என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். மிளகாயைக் குறைத்தோம். ஆயாவுக்கு ஒரு வாரம் முகமே சரியில்லை. ஆனால் கோழிக்குப் போகிற சோறு குறைந்தது.

சனிக்கிழமை சமாச்சாரம் தனி. இங்கே வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு வந்ததும் மெயின் ரோட்டில் பாஸ்ட் ஃபுட் வண்டிகளைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும். சிக்கன் ரைஸ், நூடுல்ஸ், சில்லி சிக்கன், அப்புறம் எங்கள் கொங்குப் பக்கத்துக் காளான். காளான் என்று பேர், தட்டில் முக்கால்வாசி முட்டைக்கோஸ்தான், ஆனாலும் அந்த ருசிக்கு ஈடு கிடையாது. திங்கட்கிழமை பதிவேட்டில் அது தெரியும். ரெண்டு பேருக்கு வயிற்றால் போகும், ஒருவர் வாந்தி என்று வரமாட்டார்கள். வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் திங்கட்கிழமையில்தான் இது அதிகம் நடக்கிறது.

ஒரு சனிக்கிழமை அந்தக் குடும்பத்தை வண்டி பக்கத்தில் பார்த்தேன். அப்பா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து மகளை மடியில் வைத்து நூடுல்ஸை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கரண்டி அப்படியே நின்றது. ஏதோ சொல்லப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவரே சொன்னார்: "வாரத்துல ஆறு நாள் இவ தூங்கறப்ப போறேன், தூங்கறப்ப வர்றேங்க டீச்சர். இன்னிக்குத்தான் முழிச்சிருக்கறதப் பாக்கறேன்."

அவர் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவர். எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. என் கையிலும் ஒரு காளான் பார்சல் இருந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமையைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை. ரெண்டு வயதுக்குக் கீழே இருந்தால் மட்டும் இன்றைக்கும் சண்டை போடுவேன்.

2024 பிப்ரவரியில் ரோடமின் பி என்கிற துணிச் சாயம் கலந்திருக்கிறது என்று பஞ்சுமிட்டாய்க்கு அரசு தடை போட்டபோது அதே மனிதர்தான் எனக்குக் கைகொடுத்தார். நான் பெற்றோர் கூட்டத்தில் ரோடமின், ரசாயனம் என்று ஏதோ படித்துக்கொண்டிருந்தேன், பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து, "எங்க பட்டறைல அந்தச் சாயம் இல்லீங்க. ஆனா சாயம் கையில பட்டா எத்தனை நாள் போகாதுன்னு எனக்குத் தெரியும்" என்று கையை விரித்துக் காட்டினார். நகக்கண்ணில் நீலம். திருப்பூர்க்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை, சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கலர் மிட்டாய், கலர் அப்பளம் எல்லாம் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கண்ணில் படவில்லை.

பாக்கெட்டுக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அலமாரிக்குப் பதில் வாசலிலேயே ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா. காலையில் பாக்கெட்டோடு வருகிற பிள்ளை தன் கையாலேயே அதில் போட வேண்டும், வீட்டுக்குப் போகும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பிடுங்குவது கிடையாது. அம்மா வேனில் ஏறும் வரை பிள்ளை டப்பா மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். முதல் வாரம் ரெண்டு பேர் டப்பாவையே கவிழ்த்தார்கள். இப்போது பழகிவிட்டது. நாலைந்து அம்மாக்கள் பாக்கெட் வாங்குவதையே விட்டுவிட்டார்கள், மற்றவர்கள் விடவில்லை. அந்தக் குழந்தையின் எடை மெதுவாக ஏறத் தொடங்கியிருக்கிறது, இன்னும் மஞ்சளைத் தாண்டவில்லை.

ஒரு உறுத்தல் மட்டும் இருக்கிறது. சோற்றைத் தின்றால் மிட்டாய் தருகிறேன் என்று பிள்ளைகளிடம் பேரம் பேசவே கூடாது, அப்படிச் செய்தால் சோறு தண்டனையாகவும் மிட்டாய் பரிசாகவும் ஆகிவிடும் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்லித்தருகிறார்கள். நானே பத்து அம்மாக்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். நேற்று அந்தக் குழந்தை சாயங்காலம் மேஜைக்கு முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள்.

"முட்டை சாப்பிட்டேன்ல. குடுங்க."

டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.