காலை மூட்டை எங்கே?

டிசம்பரில் ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் பழம் பறிப்பு மும்முரமாக நடக்கும். பறித்த எடைக்குத்தான் கூலி. அங்கே ஒரு தோட்டத்துக்கு, சேலத்தில் உட்கார்ந்தபடியே எடைக்கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். முதல் சம்பள நாளன்றே மேஸ்திரி அழைத்தார். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போனால், ஓர் அம்மா கேட்டார்: "காலையில் நான் போட்ட மூட்டை எங்கே தம்பி?"

காலை எடைக்கு ஒரு ஹேஷ்மேப் (சாவியைச் சொன்னால் அதற்குரிய மதிப்பைத் தரும் தொகுப்பு), மாலை எடைக்கு ஒன்று. ஆள் எண்தான் சாவி, கிலோ மதிப்பு. இரண்டையும் ஜாவா என்ற நிரல் மொழியின் 'புட்ஆல்' (ஒரு தொகுப்பில் உள்ளதையெல்லாம் இன்னொன்றில் போடும் கட்டளை) கொண்டு சேர்த்திருந்தேன். ஒரு சாவிக்கு ஒரு மதிப்புதான் நிற்கும். அதே சாவி மறுபடி வந்தால் பழையது போய்விடும். பிழைச்செய்தி எதுவும் வராது. அவர் காலையில் 31 கிலோ, மாலையில் 14 கிலோ போட்டிருந்தார். கணக்கில் இருந்தது 14. அரை நாள் வந்தவர்களுக்குக் கூலி சரியாக இருந்தது. நாள் முழுவதும் உழைத்தவர்களுக்குத்தான் குறைந்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. நான் சோதித்த பட்டியல்களில் ஒரே எண் இரண்டு பக்கமும் வரவே இல்லை.

'புட்ஆல்' காலைத் தொகுப்பின் மேலேயே எழுதிவிட்டதால் பழைய எடை கணினியில் எங்கும் இல்லை. மேஸ்திரியின் பென்சில் நோட்டுதான் காப்பாற்றியது. நிலுவையை அன்றே கொடுத்தார்கள்.

2014-இல் வந்த ஜாவா 8-இலேயே இதற்கு 'மெர்ஜ்' இருக்கிறது. சாவி புதிதென்றால் மதிப்பை அப்படியே வைக்கும். ஏற்கெனவே இருந்தால் நாம் கொடுக்கும் விதியைக் கேட்கும். விதியை யார் சொல்வது? மேஸ்திரியிடம் கேட்டேன். "கூட்டத்தான் வேண்டும், வேறென்ன?" என்றார். தொலைபேசி எண் என்றால் புதியது நிற்க வேண்டும், வேலையில் சேர்ந்த தேதி என்றால் பழையது. ஆகவே ஒவ்வொரு விதியையும் அந்தந்தத் தகவலுக்கான வகுப்புக்குள்ளேயே, அதாவது அதைக் கையாளும் நிரல் பகுதிக்குள்ளேயே, எழுதினேன். சேர்ப்பதைப் புதிய தொகுப்பில் செய்தேன். மூலம் இரண்டும் கலையாமல் இருந்தன.

அடுத்த வாரம் திரையில் 45 என்று காட்டினேன். அந்த அம்மா திருப்தி அடையவில்லை. "மொத்தத்தை மட்டும் போட்டால் நான் எப்படிச் சரிபார்ப்பது?" என்றார். எடைக் கொட்டகையிலேயே உட்கார்ந்து மாற்றினேன்: 31, 14, கீழே 45.