ஃபேனை நிறுத்த முடியாத அறைக்கு எந்த மைக்?

ஸ்லைட் போட்டு, திரையைப் பதிவு செய்து பாடம் எடுக்கிற ஆசிரியர்மாருக்கு:

மட்டக்களப்பு வெக்கையில, அதுவும் கச்சான் காத்து வீசுற மாசங்களில, ஃபேனை நிறுத்திப்போட்டுப் பேசுறது நடக்கிற காரியமில்லை. அதனால மலிவா கிடைக்குதெண்டு மேசையில வைக்கிற கண்டென்சர் மைக்கை வாங்காதீங்க. ஃபேன், தெருவில போற ஓட்டோ, பக்கத்து வீட்டுச் சேவல் எல்லாத்தையும் சேர்த்துப் பிடிக்கும்.

சட்டையில குத்துற வயர் மைக் போதும், போயா எம்1 மாதிரி. வாயிலிருந்து ஒரு சாண் கீழே, துணி உரசாத மாதிரிக் குத்துங்க. தூரம் பாதியானா குரல் சுமார் 6 டெசிபல் கூடும், ஃபேன் இரைச்சல் அப்படியே நிற்கும். காத்து நேரே மைக்கில அடிச்சா 'டப் டப்' எண்டு கேட்கும். பஞ்சு உறையைக் கழற்றாதீங்க.

குரலே பதியாட்டி முதல்ல பிளக்கைப் பாருங்க. மூன்று வளையம் உள்ளது ஃபோனுக்கும் ஒற்றை ஓட்டை லெப்டொப்புக்கும்தான். ஹெட்ஃபோனுக்கும் மைக்குக்கும் தனித்தனி ஓட்டை எண்டா இடையில ஒரு பிரிப்பு வயர் வேணும். எம்1இல சின்ன சுவிட்ச் ஒண்டும் இருக்கு. கமரா பக்கம் தள்ளினா உள்ளே இருக்கிற எல்ஆர்44 எண்ட சின்ன பொத்தான் பட்டரி உயிரோட இருக்கணும்.

திரையைப் பதிவு செய்யிற ஓபிஎஸ் மென்பொருளில, ஒலி மீட்டரில குரல் மஞ்சள் பகுதியில ஆடட்டும். 0ஐத் தொட்டு உடைஞ்ச குரலைப் பிறகு திருத்த ஏலாது. ஒரு காதில மட்டும் கேட்டா ஓபிஎஸ்ஸின்ர 'அட்வான்ஸ்ட் ஓடியோ ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில, அந்த மைக்குக்கு நேரே மோனோவை டிக் பண்ணுங்க.